தானே பூட்டிக்கொண்ட கார்

திருட்டுப் போனது ஒரு தலையணை. சிரிக்காதீர்கள். ஃபோனில் கேட்டபோது நானும் சிரித்துத் தொலைத்தேன். மறுமுனையில் இருந்த மெத்தைக் கம்பெனி முதலாளிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இது சாதாரணத் தலையணை இல்ல மிஸ்டர்! குறட்டையை நிறுத்தற தலையணை. உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலம் பத்திரிகைக்காரங்க முன்னாடி அறிமுகம் பண்றதா இருந்தோம். பூட்டின காருக்குள்ள இருந்து என் டிரைவர் தூக்கிட்டான். உடனே கிளம்பி வாங்க!"

திருடன் யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறிய எங்களை எதற்குக் கூப்பிட வேண்டும்? இப்படி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எங்கள் துப்பறியும் நிலையத்தில் கேள்வி கேட்கும் உரிமை என் மனைவிக்கு மட்டும்தான். அவள்தான் தலைமை. நிலையம் தொடங்குவதற்கு முன்னால் கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவள். நசுங்கிய கார்களைப் பார்த்தும், நசுங்காத பொய்களைக் கேட்டும் பழக்கப்பட்டவள். நான் அவளுடைய உதவியாளன். வேலை நேரத்தில் அவளை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அவள் என்னை எந்த நேரத்திலும் 'என்னங்க' என்பாள். கூப்பிடவும் அதே சொல், அடக்கவும் அதே சொல். தொனியை வைத்து நான்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

"தலையணையா?" என்றாள்.

"குறட்டை விடாம தூங்கலாமாம். உனக்கு ஒண்ணு வாங்கலாமா?"

"என்னங்க."

இது அடக்குவதற்கான 'என்னங்க'.

மெத்தைக் கம்பெனியின் அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடம். தலைக்கு மேலே டியூப்லைட்டுகள், தரையில் டயர் தடம், ஈரமும் எண்ணெயும் கலந்த வாடை. பாதி கம்பெனியே வேலையை விட்டுவிட்டு அங்கே கூடியிருந்தது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். ஒரு தூணை ஒட்டி டிரைவர் நின்றார். ஆறடிக்குக் குறையாத மனிதர், அத்தனை உயரத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல் கூனிக் குறுகி நின்றார்.

முதலாளி நேரெதிர். குள்ளம். அது யாருக்கும் தெரியக்கூடாது என்று நெஞ்சை நிமிர்த்தி, தொப்பையை முன்னே அனுப்பி, தானே பின்னால் வந்தார்.

"வாங்க, வாங்க. இவர்தான் எங்க மானேஜர். என் வீட்டுக்காரியோட தம்பி."

கம்பெனி முழுக்க அந்த மானேஜரை 'மச்சான்' என்றுதான் சொல்லும் என்பது வாட்ச்மேன் வழியாக எனக்கு வாசலிலேயே வந்து சேர்ந்திருந்தது. அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும்.

"காரை யாராவது தொட்டீங்களா?" என்றாள் மேடம்.

"ஒருத்தரையும் தொட விடல. மதியம் கண்ணாடி வழியாப் பார்த்தேன், பின் சீட்ல தலையணை இல்ல. அதோட சரி. அப்புறம் நான்கூடக் கிட்டப் போகல."

"எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு இவன்கிட்ட. இன்னொண்ணு எப்பவோ தொலைஞ்சுபோச்சு. இவன்தான் திருடன்னு அதுலயே தெரியலையா?"

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லவில்லை, முழங்கினார். கூட்டத்தில் பின்வரிசை வரை கேட்டது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேடம் காரைச் சுற்றி வந்தாள். கறுப்புக் கார், புதுசு, முகம் பார்த்துத் தலைவாரலாம். கண்ணாடி உடையவில்லை, பூட்டில் கீறல் இல்லை. முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட் ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டு நின்றது.

"இந்தச் சீட்ல உட்காரணும்னா தொப்பையைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வரணும் மேடம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டிரைவர் பக்கம் போனாள்.

"என்ன நடந்துச்சு அண்ணே?"

'அண்ணே' என்றதும் அந்த மனிதருக்குக் குரல் கம்மிவிட்டது.

"ஒண்ணும் நடக்கலம்மா. காலையில ஐயாவையும் தலையணையையும் கொண்டுவந்தேன். தலையணையை மட்டும் யாரும் தொடக்கூடாது, கார்லயே இருக்கட்டும்னு சொன்னார். பூட்டிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மதியம் அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்து சாப்பிட்டேன். சாவி என் பின் பாக்கெட்ல இருந்துச்சு. கார்கிட்டயே நான் போகல. வேலை போனா வேற வேலை பார்த்துக்கலாம்மா. திருடன்னு பேர் வந்துட்டா எவன் தன் காரை நம்பி என்கிட்ட குடுப்பான்? வேற தொழிலும் எனக்குத் தெரியாது."

"கதவைத் திறங்க."

சாவியை அமுக்கிக் கதவைத் திறந்தார். 'ஊய்ங்' என்றொரு சத்தம். டிரைவர் சீட் தானாகவே பின்னால் நகர்ந்தது, போய்க்கொண்டே இருந்தது, கடைசி வரை போய் நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடிகளும் மெல்லத் திரும்பின.

"பரவாயில்லையே, காருக்காவது உங்க மேல மரியாதை இருக்கு" என்றேன்.

மேடம் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. என் ஜோக்குக்கு இல்லை. அது எனக்குத் தெரியும். கல்யாணமானதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "மேடம், நேரத்தை வீணடிக்க வேண்டாம். நானே கண்ணால பார்த்தேன்."

"சொல்லுங்க சார். ஒண்ணுவிடாம சொல்லுங்க."

இன்சூரன்ஸ் காலத்துப் பழக்கம் இது. பொய் சொல்பவனை அவள் தடுக்கவே மாட்டாள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் பரிமாறச் சொல்வாள்.

"மதியம் நான் என் கார்ல உட்கார்ந்து ஃபோன் பேசிட்டு இருந்தேன். அதோ, எதிர்ல. திடீர்னு ஐயா கார்ல பூட்டு திறக்கற சத்தம். விளக்கு மின்னுச்சு. பார்த்தா இவன் சாவியோட நிக்கறான். பின் கதவைத் திறந்தான், தலையணையை எடுத்தான், கதவைச் சாத்தினான், போயிட்டான்."

"காரைப் பூட்டாமலா போனார்?"

"எங்க பூட்டறது? ரெண்டு கையாலயும் தலையணையைக் கட்டிப் பிடிச்சிருந்தானே. அவன் படிக்கட்டு ஏறிப் போயிட்டான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுக் கார் தானாவே 'டக்'னு பூட்டிக்கிச்சு. விளக்குகூட ஒரு தடவை மின்னுச்சு. புதுக் காராச்சே!"

"தானாவே பூட்டிக்கிச்சு. நல்லாப் பார்த்தீங்களா?"

"சத்தியமாப் பார்த்தேன்."

"நன்றி சார். ரொம்ப உதவி" என்றாள் மேடம். எனக்கு அந்தக் குரல் தெரியும். மச்சானுக்காக நான் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டேன்.

"சார், இந்தக் காரோட டேஷ்போர்டுக்கு அடியில ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கு" என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஆரம்பித்தாள். "விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி, கதவுப் பூட்டு, எதுவும் தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யாது. நாம ஒரு ஸ்விட்சைத் தட்டினா அது நேரா பெட்டிகிட்ட போய் அனுமதி கேட்கும். எந்தக் கதவு திறந்திருக்கு, எந்தச் சாவி வந்திருக்கு, எல்லாத்தையும் பெட்டி விசாரிக்கும். அப்புறம்தான் சரின்னோ முடியாதுன்னோ சொல்லும்."

"எங்க வீட்லயும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு சார்" என்றேன்.

"என்னங்க, சாவியை வாங்கிக் காரைப் பூட்டுங்க. அப்புறம் பூட்டை மட்டும் திறங்க. கதவைத் தொடாதீங்க."

பூட்டினேன். மறுபடி திறந்தேன். விளக்கு மின்னியது. யாரும் கதவைத் தொடவில்லை. ஒரு கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காரைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் டீயை வாய் வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ தும்மினார்கள்.

'டக்.'

நான் சாவியைத் தொடக்கூட இல்லை. கார் தானே பூட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்று மச்சான் குதித்தார்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க. என்னங்க, மறுபடி திறங்க. இந்தத் தடவை பின் கதவைத் திறந்து, உடனே சாத்துங்க."

அப்படியே செய்தேன். மறுபடி எல்லோரும் காத்திருந்தோம். முன்பு காத்திருந்த அளவு காத்திருந்தோம். அதற்கு மேலும் காத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கார் கம்மென்று இருந்தது.

"பூட்டாது" என்றாள் மேடம். "கை தவறிச் சாவியை அமுக்கிட்டோம்னு வைங்க, கார் திறந்தே கிடக்கக் கூடாதுல்ல? அதுக்காகப் பண்ணின ஏற்பாடு இது. பூட்டைத் திறந்தும் ஒரு கதவுகூடத் திறக்கலன்னாதான் பெட்டி தானாப் பூட்டும். ஏதாவது ஒரு கதவு திறந்துட்டா, ஆள் ஏறறாங்கன்னு நினைச்சுப் பேசாம இருந்துடும். டிரைவர் சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் படிக்கட்டுல உட்கார்ந்திருக்கார். பட்டன் அமுங்கியிருக்கு. கார் திறந்துச்சு, யாரும் வரல, தானே பூட்டிக்கிச்சு. மானேஜர் சார் பார்த்த விளக்கும் நிஜம், கேட்ட சத்தமும் நிஜம். நடுவுல ஒரு கதவைத் திறந்தாரே, அது மட்டும் அவரோட சொந்தச் சரக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மச்சான் கைக்குட்டையைத் தேடினார்.

"இல்ல... திறந்த மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் இருட்டா வேற..."

டிரைவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். அவ்வளவுதான், ஆள் தப்பித்தார் என்று நானும் நினைத்தேன்.

"ஓகோ!" என்றார் முதலாளி. "அப்ப மதியம் எடுக்கல, அதுக்கு முன்னாடியே எடுத்திருக்கான். என் மச்சான் ஒரு முட்டாள், கண்டதையும் உளறுவான். அதனால இவன் யோக்கியனாயிடுவானா? பூட்டை உடைக்கல, கண்ணாடியை உடைக்கல, சாவி இவன்கிட்ட மட்டும்தான் இருக்கு. இன்ஸ்பெக்டர், கூட்டிட்டுப் போங்க. ஸ்டேஷன்ல வச்சுக் கேட்டா தானா வரும்!"

அதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். கான்ஸ்டபிள் டிரைவரின் கையைப் பிடித்தார். டிரைவர் "அம்மா..." என்று மேடத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். எனக்கு ஜோக்கடிக்க வாய் வரவில்லை.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி.

நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன்.

"ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். மேல பத்திரிகைக்காரங்க வந்து உட்கார்ந்திருக்காங்கல்ல? அவங்களைக் கீழ கூப்பிடுங்க. தலையணைதான் இல்ல, செய்தியாவது வரட்டுமே. 'உலகின் ஒரே தலையணை கொள்ளை, தவிக்கும் தொழிலதிபர்'னு போட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்!"

முதலாளியின் முகம் பல்பு போட்டதுபோல் ஆனது. "அதான் நானும் நினைச்சேன்! உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தானே. துப்பறியும் நிபுணர் விசாரணைன்னு ஒரு வரி வந்தா..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மேடம் கவனிக்காததுபோல் இருந்தாள்.

பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு இறங்கி வந்தார்கள். அதற்குள் மேடம் காரைப் பூட்டி, டிரைவரின் சாவியைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தாள். "இதைக் கொண்டுபோய் வெளி கேட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க." கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான், சொன்னதைச் செய்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று என் அனுபவத்தைக் கண்ணாலேயே தெரிவித்தேன். கான்ஸ்டபிள் போனார்.

"சார், நீங்க காருக்குப் பக்கத்துல நில்லுங்க. கொஞ்சம் சோகமா. பூட்டின கதவைப் பிடிச்சு இழுக்கற மாதிரி ஒரு போஸ். 'இவ்வளவு பத்திரமாப் பூட்டியிருந்தும் போயிடுச்சே'ங்கற மாதிரி. டிரைவர் பக்கக் கதவு, அங்கதான் வெளிச்சம் நல்லா விழுது."

முதலாளி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். புருவத்தைச் சுருக்கினார். தலையைச் சாய்த்து, இவ்வளவு சோகம் போதுமா என்று மச்சானிடம் கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்சம் கூட்டி, கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

கதவு திறந்துகொண்டது.

'ஊய்ங்' என்றது சீட். முன்னால் வந்தது, இன்னும் முன்னால் வந்தது, ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டு நின்றது. கேமராக்கள் பளிச் பளிச்சென்று மின்னின. முதலாளியின் முகத்தில் சோகம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கண் மட்டும் பிதுங்கியது.

"பூட்டலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூட்டினதை நீங்களே பார்த்தீங்க சார். இந்தக் காருக்குச் சாவியை அமுக்கணும்னு அவசியமே இல்ல. சாவி பாக்கெட்ல இருந்தாப் போதும், கைப்பிடியைத் தொட்டதும் பெட்டி அடையாளம் கண்டுபிடிச்சுத் திறந்துவிட்டுடும். டிரைவரோட சாவி கேட்டுக்கு வெளிய இருக்கு. அப்ப இங்க இருக்கறது எது?"

இன்ஸ்பெக்டர் முதலாளியின் கோட்டுப் பையை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி தானாகவே கையை விட்டு, தொலைந்துபோன சாவியை வெளியே எடுத்தார்.

"இது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றேன் நான். "என்னிக்காவது உங்க கார் கதவை நீங்க திறந்திருக்கீங்களா? டிரைவர் திறப்பார், நீங்க இறங்குவீங்க. இன்னிக்குத்தான் முதல் தடவை, அதுவும் பட்டனை அமுக்கிட்டு."

மேடம் டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்தச் சீட் எப்படி இப்படி நகருது?"

"கார் எடுத்த அன்னிக்கு ஷோரூம்ல ஆளுக்கொரு சாவி, சாவிக்கொரு சீட்டுன்னு பதிஞ்சு குடுத்தாங்கம்மா. ஐயா ஃபோட்டோவுக்காக ஒரு தடவை டிரைவர் சீட்ல உட்கார்ந்தார். கால் எட்டல, முன்னாடி இழுத்துப் போட்டோம்."

"நான் வந்து பார்த்தப்போ சீட் முன்னாடி இருந்துச்சு. நீங்க உங்க சாவியால திறந்ததும் பின்னாடி போச்சு. அப்ப அதுக்கு முன்னாடி அந்தக் கதவைத் திறந்தது மத்த சாவிதான். சரி, பின் சீட்ல இருக்கற தலையணையை எடுக்க வந்தவர் டிரைவர் கதவை எதுக்குத் திறக்கணும்? அங்க என்ன இருக்கு?"

டிரைவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "டிக்கி பட்டன்மா! டிக்கியைத் திறக்க இந்த வண்டியில வேற வழியே கிடையாது."

நான் ஓடிப்போய் அமுக்கினேன். டிக்கி மெல்ல எழுந்தது. ஸ்டெப்னி டயர்மேல் பட்டுத் துணி போர்த்திக்கொண்டு, உலகின் ஒரே தலையணை ஒய்யாரமாகப் படுத்திருந்தது. திருட்டு நடந்த காருக்குள்ளேயே திருட்டுப் போன பொருளை யார் தேடப் போகிறார்கள்!

"இது... பாதுகாப்புச் சோதனை" என்றார் முதலாளி. "ஊழியர்கள் எவ்வளவு உஷாரா இருக்காங்கன்னு..."

"சார், குறட்டை நிக்குமா?" என்று ஒரு நிருபர் குறுக்கே கேட்டார்.

"நிக்கவா?" மச்சான் வெடித்தார். முட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொன்னது அவருக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது போலிருக்கிறது. "நேத்து ராத்திரி அதுல படுத்துதான் இவர் தூங்கினார். எங்க அக்கா ஹால்ல வந்து படுத்தா! அறிமுக விழாவுல மானம் போயிடும், திருட்டுப் போச்சுன்னா பேராவது கிடைக்கும்னு இவர்தான் திட்டம் போட்டார். டிரைவரைப் பார்த்தேன்னு என்னையும் சொல்லச் சொன்னார்!"

பேனாக்கள் பறந்தன. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "பொய்ப் புகார் குடுத்ததுக்கு நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வந்துட்டுப் போகணும்" என்றார் மிகவும் மரியாதையாக.

முதலாளி டிரைவரைப் பார்த்தார். பழக்க தோஷம், வேறென்ன. "ம், வண்டியை எடு. ஸ்டேஷனுக்குப் போகணும்."

டிரைவர் அசையவில்லை.

"எடுக்கறேன்னே வைங்க ஐயா. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும்."

"சரிப்பா, சரி. நீ எடுக்கல. போதுமா?"

முதலாளி அதை மீசைக்குள் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"போதாதுங்க. மதியத்துல இருந்து திருடன் திருடன்னு என்ன சத்தத்துல சொன்னீங்களோ அதே சத்தத்துல சொல்லுங்க. இவங்க எல்லாருக்கும் கேட்கணும்."

தையல் பிரிவுப் பெண்கள், லோடு ஏற்றுபவர்கள், கணக்குப் பிள்ளைகள், எல்லோரும் முதலாளியின் வாயையே பார்த்தார்கள். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மேலே டியூப்லைட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என் டிரைவர் திருடல!" என்று கத்தினார் முதலாளி. அடித்தளம் முழுக்க அது மோதித் திரும்பி வந்தது. "இவர் எதையும் எடுக்கல! நான்தான் எடுத்தேன்!"

டிரைவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, கூச்சப்படாமல் அழுதார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு காரின் விளக்கைப் பார்த்தாள்.

டிரைவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டிலிருந்து திரும்பி வந்த கான்ஸ்டபிளிடம் சாவியை வாங்கி முதலாளி கையில் கொடுத்தார். "நீங்களே ஓட்டிட்டுப் போங்க ஐயா. சீட் உங்களுக்குச் சரியாத்தான் இருக்கு."

பிறகு படிக்கட்டு ஏறிக்கொண்டே வீட்டுக்கு ஃபோன் போட்டார். அவர் குரல் மேலேயிருந்து எங்களுக்குக் கேட்டது.

"ஆமா, நான்தான். வேலையை விட்டுட்டேன். இல்ல இல்ல, பயப்படாத, நல்ல விஷயம்தான். சாப்பாடு எடுத்து வை, வந்து சொல்றேன்."